அத்தானின் வாக்குமூலம்: மூன்று தாள்கள்

1

இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. என்னிடம் கேட்டது ஒரு வாக்குமூலம். அக்காவின் கணவர் ராணுவ ஆயுதப் பட்டறை ஒன்றில் மேஸ்திரி. நேற்று மாலை வந்தவர், உட்காரும் முன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"நீ கதை எழுதுறவன்தானே? நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. நான் என்ன சொல்லணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடு. எனக்கு வாயில வர மாட்டேங்குது."

ஒரு பக்கம்தானே என்று தலையாட்டிவிட்டேன். இப்போது காலை எட்டரை. பதினோராவது தாளில் திணறிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "அந்த மதியம் காற்று ஒரு பகைவனைப் போல..."

வேண்டாம். காற்றுக்கு யார்மேலும் பகை இல்லை. மணலை அள்ளி வீசியது, அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: "புல்பப் வகைத் துப்பாக்கியில் தோட்டாப் பெட்டி விசைக்குப் பின்னால், தோளை ஒட்டி இருக்கும்."

பாடப்புத்தக வாடை அடிக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் கதை நகராது, பொறுத்துக்கொள்ளுங்கள். சுடும் பொறி முழுவதும் பின்னுக்குப் போய்விடுவதால் துப்பாக்கி குட்டையாகிறது. வண்டிக்குள் வைத்துக்கொள்ள வசதி. ஆனால் விசையில் விரல் ஓரிடம், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியல் வேறிடம். இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு நீளக் கம்பி. நல்ல விசை 'டக்'கென்று விடுபடுவது விரலுக்குத் தெரியும். இதில் ஈரப் பஞ்சை அழுத்துகிற மாதிரி விரல் போய்க்கொண்டே இருக்கும். கம்பியோரம் மணல் புகுந்தால் பாதியில் நின்றுவிடும். நின்றுவிட்டது என்பதுகூட விரலுக்குத் தெரியாது.*

* அத்தான் இதை மேலிடத்துக்கு இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் "பழகிவிடும்" என்று பதில் வந்தது.

3

சோதனைச் சாவடியில் இரண்டு சிப்பாய்கள், கையில் இதே வகைத் துப்பாக்கி. மணல்காற்று. ஒரு வண்டி தடுப்பை உடைத்துக்கொண்டு வந்தது; உள்ளிருந்து சுட்டார்கள். ஒருவன் செத்தான். மற்றவன் திருப்பிச் சுடவில்லை.

அழுத்தினேன், வெடிக்கவில்லை என்றான். விசையை முழுக்க அழுத்தினாயா என்று விசாரணையில் கேட்டார்கள். அங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டான்.

"அழுத்துனேன்னுதான் நினைக்கிறேன்."

(இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. பிறகு யோசித்தேன்: பொய் சொல்கிறவன் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பான்.)

அத்தானின் பட்டறையில் அதே துப்பாக்கியால் நூறு தோட்டாக்கள் சுட்டுப் பார்த்தார்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை. துப்பாக்கி நல்லது என்றால் சிப்பாய் கோழை. கணக்கு அத்தோடு முடிந்தது. அவனுக்குச் சிறை நிச்சயம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

4

மேஸ்திரிக்கு மட்டும் ஒன்று தெரியும்; நேற்றுதான் என்னிடம் சொன்னார். சோதனைக்கு முன்பே அந்தத் துப்பாக்கியை அவர் துடைத்துவிட்டார்.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பட்டறைக்குள் எது வந்தாலும் அவர் கை முதலில் துணியைத்தான் எடுக்கும். ("கல்யாணத்தன்னிக்கு என் முகத்தையும் துடைச்சிட்டுத்தான் பார்த்தாரு" என்பாள் அக்கா.) பேச்சு வேறெங்கோ, கை இங்கே. கம்பியை உருவினார், எண்ணெய் விட்டுத் துடைத்தார், துணியைக் குப்பைத் தொட்டியில் போட்டார். துப்பாக்கி வாரின் அடியில் மடங்கிக் கிடந்த சிவப்புச் சீட்டை அப்புறம்தான் பார்த்தார்: 'விசாரணைப் பொருள். தொடாதே.'

யாரிடமும் சொல்லாமல் தொட்டியைக் கிளற ஓடினார். அதற்குள் குப்பை வண்டி வந்து அள்ளிப்போயிருந்தது.

(இந்தக் கதையில் வேண்டாம் என்று தள்ளிய வரிகளையும் நான் துடைக்காமல் வைத்திருப்பது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.)

போன வாரம் விசாரணைக் கூடத்து நடைவழியில் சிப்பாய் அவரைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, தண்டனை கிடக்கட்டும். எனக்கு மட்டும் சொல்லுங்க. அதுல ஏதாவது அடைச்சிருந்துச்சா? நான் அழுத்துனேனா, இல்ல பயத்துல விரலே நகரலையா? எனக்கே தெரியலண்ணா."

துணியில் என்ன இருந்தது என்று மேஸ்திரி பார்க்கவே இல்லை. அவருக்கு அழுகை வந்தது.

5

முதல் தாள்: "துப்பாக்கி வந்த நிலையிலேயே சோதிக்கப்பட்டது." அத்தானின் வேலை தப்பிக்கும். சிப்பாய் உள்ளே போவான்.

இரண்டாம் தாள்: "நான் துடைத்தேன். துணியில் மணல் இருந்தது." வேலை போகும், சிப்பாய் பிழைப்பான். அவன் கேட்டதற்குப் பதிலும் கிடைக்கும். ஒரே குறை, இது நான் இட்டுக்கட்டியது.

மூன்றாம் தாள்: "நான் துடைத்தேன். பார்க்கவில்லை." முழு உண்மை. வேலை போகும். சிப்பாய்க்குச் சந்தேகத்தின் பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தான் யார் என்று தெரியாமலே அவன் கிழவனாவான்.

மூன்றையும் படித்துக் காட்டியதும் அக்கா தொலைபேசியில் கத்தினாள். "முதல் தாளைக் குடுடா. இவரு வாயத் தொறந்தா மட்டும் செத்தவன் எழுந்து வந்துடுவானா?"

6

ஒன்பதரைக்கு அத்தான் வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, தூங்காத முகம். படிக்கச் சொன்னார். ஏதோ ஒரு துணிச்சலில் இரண்டாம் தாளைப் படித்தேன். 'பழுப்பு மணல், கம்பியின் வளைவில் அப்பியிருந்தது, விரலில் நெருடியது' என்றெல்லாம் சேர்த்து எழுதியிருந்தேன். எழுத்தாளன் புத்தி.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் முடித்ததும் தன் கட்டைவிரலால் ஆள்காட்டி விரலை மெல்லத் தேய்த்துப் பார்த்தார்.

"நெருடுச்சுடா" என்றார். "இப்பதான் ஞாபகம் வருது." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நெருடுச்சுல்ல?"

எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையாகவே நெருடியதா, நான் எழுதியதால் நெருடுகிறதா? அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மூன்று தாள்களும் மேசைமேல் கிடக்கின்றன. கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். வாசலில் வண்டி ஹார்ன் அடிக்கிறது. நீங்களே ஒன்றை எடுத்துக் கொடுங்கள்.