கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க!

"கேமராவ இறக்குங்க!"

விசில் சத்தம் சதுக்கத்தைக் கிழித்தது. பேராலய முகப்பில் இருந்த புறாக்கள் மொத்தமாக எழும்பின. புதுமணத் தம்பதி கேமராவைத் திருட்டுப் பொருள் போல மறைத்துக்கொண்டார்கள்.

க்ளிக் அக்கா மட்டும் அசையவில்லை.

ஊருக்கே அவள் க்ளிக் அக்காதான். பழைய நகரத்தின் சந்துகளில் ஆட்களைக் கூட்டிப்போய், எங்கே நின்றால் எந்தக் கல்லில் வெயில் விழும் என்று காட்டிப் படம் எடுக்க வைப்பது அவள் பிழைப்பு. கழுத்தில் தொங்கும் வழிகாட்டி அட்டைதான் அதற்கு உயிர். அந்த உயிருக்கு உலை வைக்க முளைத்திருந்தது புதுப் பலகை: 'பேராலயத்தை நோக்கிக் கேமராவைத் திருப்பக் கூடாது.' படம் பிடிக்கும் உரிமையை ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்துவிட்டது. கோபுரம் வேண்டுமென்றால் இனி அவர்கள் கடையில் விற்கும் படம் போட்ட தபாலட்டைதான்.

விசில் ஊதிய காவலாளிக்குப் பின்னால் கம்பெனி மேனேஜர் வந்தார். கோட்டு, டை, வாய் நிறையச் சிரிப்பு.

"ஏற்கனவே சொல்லிட்டேன்மா. இன்னொரு தடவ பாத்தேன், அட்டை என் கையில."

"இவங்க புதுசு சார், தெரியாம தூக்கிட்டாங்க. நாங்க தரையத்தான் எடுக்கப் போறோம்."

"தாராளமா எடுங்க."

அந்தச் சிரிப்பு சரியில்லை. அக்கா குனிந்து பார்த்தாள்.

தினமும் விடிந்ததும் சதுக்கத்தைக் கழுவி விடுவார்கள். தேங்கிய தண்ணீரில் கோபுரம் தலைகீழாகத் தொங்கும். அதை நம்பித்தான் கூட்டத்தை அழைத்து வந்திருந்தாள். இன்று தரை பொட்டுத் தண்ணீர் இல்லாமல் வறண்டு கிடந்தது.

"கழுவ வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார் மேனேஜர். "நேத்து நீங்க குனிஞ்சு குனிஞ்சு எடுத்ததப் பாத்தேன்ல?"

கூட்டத்தில் இருந்த பல் டாக்டர் முணுமுணுத்தார். "அப்ப புறா எச்சத்த எடுத்துட்டு வீட்டுக்குப் போலாமா?"

அக்கா சதுக்கத்தின் ஓரத்தில் இருந்த கண்ணாடிக் கடையை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.

கடைக்காரி அவள் கூடப் பிறந்த மூத்தவள். மேஜையில் குனிந்து கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த பீரோக் கண்ணாடிய வெளிய வை."

"எதுக்குடி?" பெரியவள் கூட்டத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. "ஆள விடு தாயே! அட்டை போனா உன் கழுத்து லேசாகும். எனக்குக் கடையே போயிடும். பக்கத்துக் கடைய அந்தக் கம்பெனி ஆளு வளைச்சுப் போட்டாச்சு."

"அடுத்து உன் கடைதான். அது வரைக்கும் அறுத்துட்டே இரு."

"வாய் மட்டும் அப்படியே அப்பா!"

வாசலில் நிழல் விழுந்தது. மேனேஜர்.

"கடைக்கார அம்மா, உங்க தங்கச்சிய வீட்டுல கட்டிப் போடுங்க. உங்களுக்கும் அதான் நல்லது."

சொல்லிக்கொண்டே, துடைத்து வைத்திருந்த பீரோக் கண்ணாடியில் உள்ளங்கையை அழுத்திச் சாய்ந்தார். ஐந்து விரலும் அப்பட்டமாகப் பதிந்தன.

பெரியவள் எழுந்தாள். துணியை எடுத்து, அவர் கையை ஒதுக்கிவிட்டு, நிதானமாகத் துடைத்தாள்.

"கொஞ்சம் தள்ளுங்க சார். கண்ணாடி வெளிய போகுது. ஏய், நீ அந்தப் பக்கம் பிடி."

ஆளுயரக் கண்ணாடி கடை வாசலுக்கு வந்தது. அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகிச் சாய்த்தாள். உச்சிச் சிலுவை முதல் மணிக்கூண்டு வரை கோபுரம் முழுசாக உள்ளே வந்து நின்றது.

"எல்லாரும் கோபுரத்துக்கு முதுகக் காட்டி நில்லுங்க!" க்ளிக் அக்கா கத்தினாள். "ம்… எடுங்க!"

கேமராக்கள் படபடத்தன.

"டேய், நிறுத்துடா அவங்கள!"

விசில்காரன் பலகையைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். "சார், யாருமே அந்தப் பக்கம் திருப்பலையே…"

மேனேஜர் பாய்ந்துபோய்க் கண்ணாடியை மறைத்து நின்றார். பெரியவள் இன்னொன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் சாய்த்தாள்.

"உள்ள நெறைய இருக்கு சார். நீங்க ஒரு ஆள்தான்."

பல் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். மேனேஜரின் முகம் கறுத்தது. ஒரே எட்டில் வந்து, க்ளிக் அக்காவின் கழுத்து அட்டையை வெடுக்கென்று பிடுங்கினார்.

"இனிமே சதுக்கத்துல ஆளுங்களக் கூட்டிட்டு நடந்து பாரு!"

அக்கா கழுத்தைத் தடவிக்கொண்டாள். எரிந்தது.

"நடக்கல சார். நேரா இங்கதான் வருவேன். அக்கா கடைக்குத் தங்கச்சி வர்றதுக்கு எந்த ஊர்ல அட்டை கேக்கறாங்க?"

"நாளைக்குச் சீக்கிரமா வாடி" என்றாள் பெரியவள், மூன்றாவது கண்ணாடியை இழுத்தபடி. "இத விடப் பெருசு ஒண்ணு வருது. எறக்க ஆள் வேணும்."