பல்லக்கில் யார்?

1952ஆம் ஆண்டு மே மாதம், சேலம் மாவட்டம் ஓசூர் தாலுகாவில், தளிக்கு வடக்கே மைசூர் ராஜ்யத்துக்குள் போகும் மண்பாதையின் குறுக்கே ஒரு மூங்கில் கம்பம் போடப்பட்டது. பக்கத்தில் தகரக் கூரை போட்ட சாவடி. தானியமோ சாராயமோ எல்லை தாண்டாமல் பார்ப்பதும், மூடிக் கொண்டுபோகும் சரக்கு எதற்கும் காகிதம் கேட்பதும் சாவடியின் வேலை.

அந்தப் பாதையில்தான் மல்லேதொட்டி பட்டாளம்மன் வருஷத்துக்கு ஒருமுறை தன் தாய்வீட்டுக்குப் போவாள். தாய்வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், ஹொன்னகட்டாவில். விளக்கு வைப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். பாதி வழியில் திரும்பினால் மூன்று வருஷத்துக்கு அவள் படி தாண்டமாட்டாள். ஹொன்னகட்டாவில் பிறந்து மல்லேதொட்டியில் வாழ்க்கைப்பட்ட பெண்களும் அவளோடுதான் பிறந்த வீட்டுக்குப் போவார்கள். அவள் போகாத வருஷம் அவர்களும் போவதில்லை.

நாராயணம்மா அப்படி வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய அப்பா தை மாதத்திலிருந்து படுக்கையில் கிடந்தார். மூன்று வருஷம் தாங்கும் உடம்பு அல்ல அது.

கம்பம் போட்ட செய்தி வந்ததும், கோயில் தர்மகர்த்தா வெங்கடசாமி எந்தக் காகிதத்தைக் கொண்டுபோவது என்று ஊர்க்கணக்கு எழுதும் கர்ணம் திம்மப்பனிடம் யோசனை கேட்டார்.

"யாராவது வெளியூர் போனா நான் குடியிருப்புச் சான்று எழுதித் தர்றேன். அம்மனுக்கும் ஒண்ணு எழுதட்டுமா?" என்றார் கர்ணம்.

"சாமிகிட்ட வெளையாடாதய்யா."

"வெளையாடல. இந்த ஊர்ல அவளைவிட ரொம்ப நாளாக் குடியிருக்கறவங்க யாரு, சொல்லு பாப்போம்."

வெங்கடசாமி கேட்கவில்லை. கோயில் சொத்துப் பட்டியலின் நகலைப் பெட்டியிலிருந்து எடுத்தார். அதில் மூன்று முத்திரைகள் இருந்தன. முத்திரை அதிகமுள்ள காகிதத்துக்குத்தான் மதிப்பும் அதிகம் என்பது அவருடைய எண்ணம்.

அம்மன் புறப்பட்ட அன்று பொழுது சாயும் நேரத்தில் ஊர்வலம் சாவடிக்கு வந்தது. பல்லக்கு தரையில் படக்கூடாது என்பதால் கவைக்கோல்களில் தாங்கி நிறுத்தினார்கள். பம்பை மேளம் மட்டும் நிற்கவில்லை. பின்னால் புளி மூட்டை வண்டியோடு வந்த கிருஷ்ணகிரி வியாபாரி கௌஸ் பாஷா இறங்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்.

சாவடி அதிகாரி சென்னகிருஷ்ணன் பட்டியலை நிதானமாகப் படித்தார்.

"பஞ்சலோகச் சிலை ஒண்ணு. வெள்ளிக் கண் ரெண்டு. வெள்ளி ஒட்டியாணம். சரியா?"

"சரிங்க. மூணு முத்திரை போட்டிருக்கு பாருங்க."

"பாத்தேன். அப்போ இது சரக்கு. வெள்ளிச் சரக்கு ராஜ்யம் தாண்டணும்னா சேலத்துல பர்மிட் வாங்கணும். வாங்கினீங்களா?"

வெங்கடசாமி ஓரடி முன்னால் வந்தார். "சரக்கு இல்லைங்க, சார். கோயில் சொத்து."

"சொத்துன்னாலும் அதேதான்."

"போச்சு. என் புளிக்குக் காகிதம் இருக்கு, அம்மாவுக்கு இல்ல" என்றார் கௌஸ் பாஷா. ஒருவரும் சிரிக்கவில்லை.

பல்லக்கைத் திருப்பச் சொல்வதற்கு முன் சோதனை போட வேண்டும் என்பது விதி. சென்னகிருஷ்ணன் பல்லக்கின் அருகே போனார். பூசாரி ஆஞ்சப்பன் அவருடைய காலைப் பார்த்தார். அதிகாரி பூட்ஸைக் கழற்றி வைத்தார். ஆஞ்சப்பன் திரையை விலக்கினார். பம்பை தானாக நின்றது.

பெரிய உருவம் ஒன்றை எதிர்பார்த்திருந்தார் அதிகாரி. உள்ளே இரண்டு வயதுக் குழந்தையின் உயரத்தில் ஒருத்தி இருந்தாள். எத்தனையோ தலைமுறைகள் புளி போட்டுத் தேய்த்ததில் மூக்கு மழுங்கி, உதடு இருந்த இடத்தில் ஒரு வளைவு மட்டும் மிஞ்சியிருந்தது. கண்கள் மட்டும் தேயவில்லை. மேற்கு வெயில் அவற்றில் பட்டது. சாவடியும் கம்பமும் அவற்றுக்குள் மிகச் சிறிதாகத் தெரிந்தன. புதுச்சேலை கசங்கியிருந்தது. முகத்தில் எண்ணெய் வியர்வையைப் போல அரும்பியிருந்தது. நெடுந்தூரம் வந்து களைத்த முகம் அது.

காலடியில் ஒரு துணிமூட்டை. அதிகாரி அதை அவிழ்த்தார். ஒரு மாற்றுச் சேலை. மரச்சீப்பு. குங்குமச் சிமிழ். வெற்றிலை. வாழைச்சருகில் கட்டிய அச்சு வெல்லம். அடியில், மடிப்புக் கலையாத நூல்சேலை ஒன்று. அது வயதானவர்கள் கட்டும் நிறம்.

அவர் கை அப்படியே நின்றது. வண்டி மாடுகள் அசைபோடும் சத்தம் கேட்டது.

"இதெல்லாம் என்ன?" அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"வெல்லமும் நூல்சேலையும் அவங்கம்மாவுக்கு. மத்ததெல்லாம் அவளுக்கு" என்றாள் நாராயணம்மா. அவள் கையிலும் அதே மாதிரி ஒரு மூட்டை இருந்தது.

"அது சரி, பல்லக்குல என்ன இருக்குன்னு பதிவேட்டுல எழுதறது?"

"என்னன்னு கேக்காதீங்க, சார். யாருன்னு கேளுங்க."

சென்னகிருஷ்ணன் அவளையும் பல்லக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூட்டையை முன்பு இருந்தது போலவே, மடிப்புக் கலையாமல் கட்டினார். மேசைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தார்.

"அவங்க எப்போ திரும்புவாங்க?" என்று கேட்டார்.

அவங்க. அந்தச் சொல்லைக் கேட்டதும் வெங்கடசாமி கையெடுத்துக் கும்பிட்டார். அதிகாரியையா அம்மனையா என்று அவருக்கே தெரியவில்லை.

"மூணாம் நாளுங்க" என்றாள் நாராயணம்மா.

"ஆளுங்க போக வர பர்மிட் தேவையில்ல. ஆனா, பெரியவரே, அடுத்த வருஷம் இந்தப் பட்டியலக் கொண்டு வராதீங்க. குடியிருக்கற ஊருக்கு ஏதாவது ஒரு சான்று இருந்தாப் போதும்."

"கர்ணம் சொன்னப்ப கேட்டீங்களா?" என்றார் ஆஞ்சப்பன். இப்போதுதான் கௌஸ் பாஷா வாய்விட்டுச் சிரித்தார்.

பதிவேட்டில் அன்றைக்கு எழுதப்பட்டது: 'பெண் ஒருவர். ஊர் மல்லேதொட்டி. தாய்வீடு செல்கிறார். கையில் துணிமூட்டை ஒன்று. தடை செய்த பொருள் இல்லை.'

கம்பம் உயர்ந்தது. பல்லக்கு கடந்து போகும்வரை சென்னகிருஷ்ணன் வெறுங்காலோடு நின்றார். அவர் பூட்ஸ் பாதையின் நடுவில் கிடந்தது. பல்லக்குத் தூக்கிகள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

விளக்கு வைக்கும் முன் ஹொன்னகட்டா போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாம் நாள் அதே வழியாகத் திரும்பினார்கள். நாராயணம்மாவின் அப்பா ஆடி மாதம் இறந்தார். அடுத்த வருஷம் கர்ணம் திம்மப்பன் பட்டாளம்மன் பெயருக்குக் குடியிருப்புச் சான்று எழுதிக் கொடுத்தார். சாவடியில் அதை வாங்கிக்கொண்டார்கள்.