உள்ளங்கையில் நட்சத்திர மீன்

மண்டபம் கடற்கரையிலிருந்து நான் அந்த நட்சத்திர மீனைப் போடிக்குக் கொண்டுவந்த அன்றே, ஏலக்காய் வியாபாரியான என் அண்ணன் வீரணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மலையடிவாரத்துல கடல் சீவன் பத்து நாள் தாங்காது, வேலுத்தாயி."

எட்டு மாதம் ஆகிவிட்டது. கண்ணாடித் தொட்டியில் நெயில் பாலிஷால் கோடு கிழித்திருக்கிறேன். கடல் தண்ணீர் அதற்குக் கீழே வற்றினால் நல்ல தண்ணீர்தான் ஊற்றுவேன். உப்பையும் அள்ளிப் போடச் சொல்லாத ஆள் எங்கள் தெருவில் இல்லை. தண்ணீர்தான் வற்றும், உப்பு வற்றாது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கரண்டு போனால் சைக்கிள் பம்பால் காற்றடிப்பேன்.

நேற்று வந்த அண்ணன், ஏலக்காய் சாம்பிளை அள்ளிப் பார்க்கும் பழக்கத்தில், மீனை உள்ளங்கையில் எடுத்து மோந்து பார்த்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினேன். கைக்கடிகாரமும் சட்டைக் கையும் சேர்ந்து நனைந்தன.

"காத்துப் பட்டா செத்துப்போகும்ணே. இது ஏலக்காய் இல்ல."

"சரி, விடு. ஏலத்துக்கு நேரமாச்சு."

"கைய இழுக்காதீங்க. உங்க உள்ளங்கையப் பிடிச்சிருக்கு. பிச்சு எடுத்தா அதுக்குக் காலு அந்துரும். அதுவா எறங்கட்டும்."

தொட்டி முக்காலி மேல் இருந்தது. கடைத்தெருவே கும்பிடும் என் அண்ணன் குனிந்தே நின்றார். மீன் ஒரு காலைக் கண்ணாடிப் பக்கம் நீட்டியது, மறுபடியும் மடக்கிக்கொண்டது.

"இன்னும் எம்புட்டு நேரம்த்தா?"

"பத்து நாள் தாங்காதுன்னு சொன்னீங்கல்ல. இருந்து பாத்துட்டுப் போங்க."