ஆம் போட்டுப் படிக்கவும்

தலைமையாசிரியர் இரண்டு புகார்க் கடிதங்களையும் மேசைமேல் அருகருகே வைத்து, ஓரங்கள் நேராக வரும்வரை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ஒன்று மருந்துக்கடைக்காரர் எழுதியது. மற்றது டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர் எழுதியது. இருவரின் பிள்ளைகளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. சரித்திர டீச்சர் நடத்திய ஒரே பாடத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் ஆளுக்கொன்றாகச் சொல்லியிருந்தார்கள்.

"இவர் என்ன சொல்றார்னா, நீங்க கடவுளைக் கிண்டல் பண்றீங்களாம். அவர் என்ன சொல்றார்னா, நீங்க பாடம்ங்கிற பேர்ல பிரசங்கம் பண்றீங்களாம்."

"சரி சார்."

"என்ன சரி? ரெண்டுல எது சரி?"

சரித்திர டீச்சர் யோசித்துப் பார்த்தார். எதுவும் தோன்றவில்லை. கொஞ்ச காலமாகவே அவருக்கு எதுவும் தோன்றுவதில்லை. கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டினால், கையை நீட்ட வேண்டும் என்பதே சற்றுத் தாமதமாகத்தான் உறைக்கும்.

"வியாழக்கிழமை மேற்பார்வையாளர் வர்றார்" என்றார் தலைமையாசிரியர். "வகுப்புல உட்கார்ந்து பார்ப்பார். அவர் அறிக்கை கோணலாப் போச்சுன்னா உங்களுக்கு மாத்தல்தான். என் கையில ஒண்ணும் இல்லை. சொல்லிட்டேன். ஒரு இடம் விடாம 'ஆம்' போட்டுப் படிச்சிடுங்கம்மா, தயவுசெஞ்சு."

'ஆம்' வந்த கதை பெரிய கதை. அரசுப் பள்ளி மேல்வகுப்புகளில் மறைநூலை வரலாறாகவும் இலக்கியமாகவும் கற்பிக்கலாம் என்று மேலிடம் முடிவெடுத்ததும் நடுநிலைக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. உறுப்பினர்கள் எல்லாரும் அவரவர் துறையில் கரைகண்டவர்கள். ஒருவர் கண்ட கரை இன்னொருவருக்குத் தெரியாது. முதல் சில கூட்டங்கள் 'கடவுள் சொன்னார்' என்பதிலேயே போயின. 'ஆர்' போட்டால் பக்தி, 'ஆன்' போட்டால் அவமரியாதை, 'அது' போட்டால் விலங்கியல் என்று மொழியியல் பேராசிரியர் சிக்கலைத் தெளிவாக்கினார். மரியாதைக்குக் காசா பணமா, 'ஆர்' இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒருவழியாகத் தீர்ந்தது.

அடுத்த தலைவலி, சொன்னாரா இல்லையா என்பது. சொன்னார் என்று பாடநூலில் அச்சடித்தால் அரசாங்கமே சாட்சிக் கையெழுத்துப் போட்டதுபோல் ஆகிவிடாதா? ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் 'என்று இந்நூல் கூறுகிறது' என்று சேர்த்துப் பார்த்தார்கள். புத்தகம் பருத்துப் பைக்குள் நுழையவில்லை. அப்போதுதான் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின், மற்றவர்கள் கண்ணைத் திறந்துவைத்திருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த வேளையில், மொழியியல் பேராசிரியர் எழுந்து நின்று, "ஆம்" என்றார். நீதிபதி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கூட்டத்தை முடித்து வைத்துவிட்டார். மறுநாள்தான் அது சம்மதம் இல்லை, விகுதி என்று விளங்கிற்று. சொன்னார் இல்லை, சொன்னாராம். கடல் பொங்கியது இல்லை, பொங்கியதாம். கேட்டதைச் சொல்கிறோம், பார்த்ததைச் சொல்லவில்லை. எங்கள் மொழிக்குள்ளேயே இருக்கிறது ஐயா நடுநிலை என்று பேராசிரியர் கண் கலங்கினாராம். வரிக்கு வரி 'ஆம்' அச்சடித்ததோடு, படிக்கிறவர்கள் அதை விழுங்கிவிடக்கூடாது என்று பாடநூலின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்திலும் போட்டார்கள்: ஆசிரியர்கள் ஆம் போட்டுப் படிக்கவும்.

யார் படிப்பது என்று தேடியபோது இந்தப் பள்ளியில் மூன்று பேரைப் படிக்கவிட்டுப் பார்த்தார்கள். தமிழாசிரியர் இரண்டாம் வரியிலேயே ராகம் போட்டுவிட்டார். இயற்பியல் சாருக்கு 'ஆம்' வரும்போதெல்லாம் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. சரித்திர டீச்சர், கணவர் இறந்து விடுப்பு முடிந்து அந்த வாரம்தான் திரும்பியிருந்தார். பேருந்து நேரத்தை அறிவிப்பதுபோல் படித்தார். படிக்கும்போது, சமையலறைக் குழாயை மூடினோமா என்பதைத் தவிர அவர் மனதில் ஒன்றுமே இல்லை. வந்திருந்த குழு உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒரு பக்கமும் சாயாத குரல்! எங்கே பயிற்சி எடுத்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். "வீட்டுலதான்" என்றார் டீச்சர். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டாகிவிட்டது. "டீச்சர், நான் வீட்டுப்பாடம் எழுதிட்டேனாம்." "மணி அடிச்சிடுச்சாம் டீச்சர்." ஆசிரியர் அறையிலும் தொற்றியது, அறிவியல் டீச்சர் டம்ளரை வைத்துவிட்டு, "இது டீயாம்" என்றார். வீட்டுக்குப் போனதும் விளையாட்டு விவகாரமாயிற்று. மருந்துக்கடைக்காரரின் காதில் 'காப்பாற்றினாராம்' என்பது, பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கியதைச் சொல்லும் குரலில் விழுந்தது. டிரைவிங் ஸ்கூல்காரரின் மகள், டீச்சர் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு 'ஆம், ஆம்' என்று ஒத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். ஒரே விகுதி, ஒரு வீட்டில் ஏளனம், ஒரு வீட்டில் சத்தியம்.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது டீச்சரின் மகள்தான் பேச்சை எடுத்தாள். பள்ளி இறுதி வகுப்பு. அம்மாவின் அந்தப் பாடத்தையும் எடுத்திருந்தாள்.

"மாத்தல் வந்தா நாம வீட்டைக் காலி பண்ணணுமாம்மா?"

"ஆமா."

"இந்த வருஷம் மட்டும் பார்த்துக்கோம்மா. பரீட்சைக்காக இல்ல." தட்டில் விரலால் கோடு இழுத்தாள். "இங்க எல்லாருக்கும் தெரியும். யாரும் கேக்கறதில்ல. புது ஸ்கூல்னா அப்பா என்ன பண்றார்னு கேப்பாங்க. நான் சொல்லணும். என்னால வாயால சொல்ல முடியாது."

"சரி" என்றார் அம்மா. அன்றைக்கு அவர் சொன்னதில் அந்தச் 'சரி' மட்டும் எங்கோ உள்ளேயிருந்து வந்ததுபோல் இருந்தது. ஒன்றும் பெரிய காரியம் இல்லை. ஒரு எழுத்தும் விடாமல் படித்துவிட்டால் போதும்.

மேற்பார்வையாளர் தமக்கென்று நாற்காலி கொண்டுவரச் சொல்லி, அது ஆடுகிறது என்று வேறொன்று கொண்டுவரச் சொல்லி, அதுவும் ஆடவே, தரைதான் சரியில்லை என்று கண்டுபிடித்து, கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். கூராகச் சீவிய பென்சிலை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு 'ஆ'முக்கும் ஒரு கோடு. விட்டால் ஒரு சுழி.

அன்றைய பாடம், கிணறு தோண்டுகிறவனும் அவன் மனைவியும். டீச்சர் புத்தகத்தை விரித்தார்.

"அந்த ஊரில் மழை பொய்த்ததாம். மக்கள் கடவுளிடம் முறையிட்டார்களாம். கடவுள் கிணறு தோண்டுகிறவனைக் கூப்பிட்டு, தோண்டு என்றாராம். அவன் வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்பட்டானாம். போய்விட்டு வருகிறேன் என்றானாம்."

பென்சில் கோடு கோடாக இழுத்துக்கொண்டே வந்தது. தலைமையாசிரியர் கதவோரம் நின்று, ஒவ்வொரு 'ஆ'முக்கும் தலையை லேசாக அசைத்தார். மூன்றாம் வரிசையில் மகள் பேனா மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள்.

"அவன் இறங்கினானாம். தோண்டினானாம். தண்ணீர் வந்ததாம். மண் சரிந்ததாம்."

நாத்தனாரின் குரல் எதற்கு இப்போது வர வேண்டும்? வந்தது. வெளியூர் போன இடத்தில் பேருந்து நிலையத்தில் கணவர் சுருண்டு விழுந்து, யாரோ தூக்கிப்போய், யாரோ போனில் நாத்தனாருக்குச் சொல்லி, நாத்தனார் இவரை அழைத்துச் சொன்னது. "அண்ணி, அண்ணன் போயிட்டாராம் அண்ணி." இவர் அடுப்பைத் தணித்துவிட்டு, "எங்கே?" என்று கேட்டார். அதற்கப்புறம் உடல் வந்தது, ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஆனால் செய்தி என்று அவரிடம் வந்து சேர்ந்தது அந்த ஒரு வாக்கியம்தான். போயிட்டாராம். அந்த 'ஆ'முக்குள் ஒரு பாயை விரித்துக்கொண்டு டீச்சர் இத்தனை நாளும் குடியிருந்துவிட்டார் போலிருக்கிறது.

"அவன் இறந்தான்" என்று படித்தார்.

பென்சில் நின்றது.

"டீச்சர், 'ஆம்' விட்டுட்டீங்க!" மருந்துக்கடைக்காரரின் மகன் குஷியாகக் கத்தினான். எங்கே விடுவார் என்று வாரக்கணக்காகக் காத்திருந்தவன். "அவுட்டாம் டீச்சர்!"

வகுப்பு சிரித்தது. கதவோரத்திலிருந்து தலைமையாசிரியர், சின்னக் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்போல், தாமே வாயைத் திறந்து மூடிக் காட்டினார். "அந்த வரியை மட்டும் திரும்பப் படிச்சிடுங்கம்மா. அவ்வளவுதான்."

மேற்பார்வையாளரும் பெருந்தன்மையாகக் கையசைத்தார். சுழி இன்னும் போடவில்லை.

டீச்சர் புத்தகத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். அச்சில் தெளிவாகத்தான் இருந்தது. ஒரே ஒரு எழுத்து. உதட்டை மூடினால் வந்துவிடும். வீடு இருக்கும், மகளுக்கு இந்த வருஷம் இருக்கும்.

"அவன் இறந்தானா…"

உதடு மூடவில்லை. முயன்று பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது. சொல் அப்படியே வகுப்பின் நடுவில் தொங்கிற்று, யாரிடமோ கேட்டதுபோல. சிரிப்பு ஒவ்வொரு பெஞ்சாக அடங்கியது. டிரைவிங் ஸ்கூல்காரரின் மகள், இதற்குப் பதில் எழுத வேண்டுமோ என்று பக்கத்து நோட்டைப் பார்த்தாள்.

மூன்றாம் வரிசையில் மகள் எழுந்தாள். பள்ளிக்குள் அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்; இதுவரை ஒருநாளும் தவறியதில்லை.

"இறந்துட்டார்மா" என்றாள்.

சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் பென்சிலைத் தாளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் ஜன்னலைப் பார்த்தார். மகளின் கையிலிருந்து பேனா மூடி நழுவி விழுந்து, சரிவான தரையில், பெஞ்சுகளுக்கு அடியில், கால்களுக்கு இடையில், கடைசி வரிசையை நோக்கி உருண்டு போயிற்று. அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. தம் அருகில் அது வந்ததும், மேற்பார்வையாளர் தம்மை அறியாமல் பூட்ஸ் காலைத் தூக்கி வழிவிட்டார்.