பதினேழாம் கேள்விக்கு ஒரு பெண்

1

இந்தக் கதை என் மனத்தில் உதித்ததல்ல. ஒரு விண்ணப்பப் படிவத்திலிருந்து சுட்டது. கிராமத்தில் தொழில் தொடங்குகிறவர்களுக்கு நிதியுதவிப் படிவம் நிரப்பிக் கொடுப்பதுதான் ஒரு காலத்தில் என் பிழைப்பு. எந்தப் படிவமானாலும் கடைசிப் பக்கத்தில் இந்தக் கேள்வி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்: 'உங்கள் முயற்சியால் வாழ்க்கை மாறிய ஒருவரைப் பற்றி முந்நூறு சொற்களில் எழுதுக.' எத்தனை பேர் வாழ்க்கையை அப்படி மாற்றியிருக்கிறேன் என்று கேட்காதீர்கள்.

ஆகவே இது பாதி வாக்குமூலம். அதன் பாரத்தை ஒரு பெண்ணின் தலையில் கட்டப் போகிறேன். கதை எழுதுகிறவனுக்கு அந்தச் சௌகரியம் உண்டு.

2

முதல் தொடக்கம்: 'காலை வெயில் தக்காளித் தோட்டத்தின் மீது பொன்னாய்—'

(வேண்டாம். படிவம் நிரப்பிய பழக்கதோஷம்.)

இரண்டாவது: 'நகரத்து வேலையை உதறிவிட்டு வந்தவளைப் பார்த்து ஊரே—'

(ஊர் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு வேறு வேலை இருந்தது.)

சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு முப்பத்தோரு வயது, வேளாண்மை படித்தவள். அண்ணனின் தோட்டத்தில், பழைய உரக் கிடங்கை ஒட்டி, வெயிலில் காய்கறி உலர்த்தும் கூடாரம் ஒன்று போட்டாள். விலை சரியும் நாளில் தக்காளியைச் சாலையோரம் கொட்டாமல், சீவி உலர்த்திப் பொட்டலம் போட்டு விற்கலாம். வருவது விளைவித்த பெண்களுக்கே போகும் என்பது அவள் திட்டம். நாற்பது பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒரு கூடாரம் எந்த மூலைக்கு? இன்னும் மூன்று வேண்டும். மழைக்காலத்துக்குள் வராவிட்டால் நாற்பது பேரும் பழையபடி தரகரிடம் போய் நிற்க வேண்டியதுதான். தன்னை விட்டுப் போனவர்களை அவர் அவ்வளவு லேசில் சேர்த்துக்கொள்ளமாட்டார்.

3

நிதிப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், அதே பதினேழாம் கேள்வியில் அவள் பேனா நின்றது. கேட்டது 'ஒருவர்'. அவளிடம் அப்படி முழுசாக ஒருவர் இல்லை.

நாற்பது பேரில் கிணற்றுக்காரி என்று எல்லோரும் கூப்பிடும் பெண், தூர்ந்து கிடந்த கிணற்றைத் தோண்டித் தண்ணீர் பார்த்துவிட்டாள். ஆனால் மகளின் படிப்பை நிறுத்தியிருந்தாள். தையல்காரி மகளை நர்ஸ் படிப்பில் சேர்த்தாள். ஆனால் சொந்த நிலம் ஒரு சாண்கூட இல்லை. மூன்றாமவர் அவளுடைய அண்ணி. யாரும் எட்டிப் பார்க்காத முதல் மாதத்தில் எட்டுப் பெட்டித் தக்காளியை முதலில் கொண்டுவந்து இறக்கியவர்.

ஒருத்தியின் கிணறு, இன்னொருத்தியின் மகள், அண்ணியின் நம்பிக்கை. மூன்றையும் சேர்த்து அவள் ஒரு பெண்ணைச் செய்தாள். எல்லாம் நடந்ததுதான், ஒரே ஆளுக்கு நடக்கவில்லை, அவ்வளவுதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.*

* இந்தத் தேற்றல் என்னுடையது. வருஷக்கணக்கில் கைவசம் இருந்ததை அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

4

பதில் வந்தது. நிதி தருகிறவர்களுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. வியாழக்கிழமை இரண்டு பேர் வருகிறார்கள்; அவரை நேரில் பார்த்துப் பேச வேண்டுமாம்.

அவள் கூடாரத்தின் வெப்பமானியை நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்த்தாள், வியாழக்கிழமை அதில் ஏறிவருவதைப் போல. கடைசியில் மூன்று பேரையும் கிடங்குக்குக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டாள்.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. கிணற்றுக்காரி உடனே அந்தப் பெண்ணாக இருக்கச் சம்மதித்தாள், ஆனால் நர்ஸ் மகள் எங்கே என்று கேட்டால் யாரைக் காட்டுவது என்றாள். எல்லோரும் தையல்காரியைப் பார்த்தார்கள்.

"போட்டோ வேணா தர்றேன். பொண்ணைத் தர மாட்டேன்" என்றாள் தையல்காரி.

அண்ணி தக்காளி சீவிக்கொண்டே இருந்தார்.

5

இங்கே எனக்கு அண்ணி மேல் சந்தேகம் வந்தது. முந்தைய பிரதியில் அவரை வாய் பேசாத நல்லவராக எழுதியிருந்தேன். படிவங்களில் நான் செய்த அண்ணிகள் எல்லோரும் அப்படித்தான். இவர் ஏன் பேசவில்லை என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

அந்த எட்டுப் பெட்டியும் அழுகிப் போயின. மூன்று நாள் வெயிலே இல்லை. ஈரக் காற்று வெளியேறக் கூடாரத்தைத் திறந்துவிடக்கூட அவளுக்கு அப்போது தெரியாது. சீவி அடுக்கியது அத்தனையும் வெள்ளையாய்ப் பூசணம் பூத்தது. அண்ணியும் அவளும்தான் குழி தோண்டிப் புதைத்தார்கள். எட்டுப் பெட்டிக்கும் காசு தராமல் தரகர் ஏமாற்றிவிட்டதாக அண்ணி வீட்டில் சொல்லிவைத்தார். அண்ணன் அன்றிலிருந்து தரகரோடு பேசுவதில்லை. அடுத்த அறுவடையையும் அண்ணி அதே கூடாரத்துக்குத்தான் கொண்டுவந்தார்.

'முதலில் நம்பியவர்' என்று படிவத்தில் எழுதியது பொய்யில்லை. அந்த நம்பிக்கை என்ன ஆயிற்று என்பது மட்டும் அதில் இல்லை.

"நானே அந்தப் பொம்பளையா இருக்கேன் பாப்பா," என்றார் அண்ணி. "ஆனா எனக்கு நடந்ததைத்தான் சொல்வேன். எட்டுப் பெட்டியும் போச்சுன்னு சொல்வேன். அப்புறமும் ஏன் கொண்டாந்தேன்னு அவங்க கேக்கணும். கேப்பாங்களா?"

"தெரியல அண்ணி."

"நீயே கேக்கலையே."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எனக்கும்தான்.

6

முடிவுகள்:

அ) கிணற்றுக்காரி நடிக்கிறாள். மூன்று கூடாரம் வருகிறது. (எழுதினேன். சரளமாக வந்தது. அதனாலேயே கிழித்தேன்.)

ஆ) அவள் வாசலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறாள். வந்தவர்கள் புன்னகைத்துவிட்டுத் திரும்பி—

(இதில் அவள் உத்தமியாகிவிடுகிறாள். நாற்பது பேர் தரகர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். மனசு வரவில்லை.)

இ) வியாழக்கிழமை. வந்த இருவரும் கிடங்கில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே பாயில் மூன்று பெண்கள். அண்ணன் கதவோரம் நிற்கிறான். வந்தவர்களில் மூத்தவர், இவர்களில் அந்த அம்மா யார் என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவள் அண்ணி பக்கம் திரும்புகிறாள்.

"அண்ணி, எட்டுப் பெட்டியும் அழுகினப்புறம் ஏன் மறுபடி கொண்டுவந்தீங்க?"

அண்ணன் நிமிர்ந்து பார்க்கிறான். மூத்தவரின் பேனா நிற்கிறது. அண்ணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நாத்தனாரை மட்டும் பார்த்தபடி பேசத் தொடங்குகிறார்.

என்ன சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அது என் பதிலாகிவிடும். கூடாரங்கள் வருமா, அண்ணன் அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தானா, எல்லாம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. நான் கேட்காமலே எழுதிய பெண்களில் ஒருத்தி எங்காவது உட்கார்ந்து இதைப் படிக்கலாம். அது நீங்களாக இருந்தால், ஏன் மறுபடியும் வந்தீர்கள் என்று சொல்லுங்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.