கீழ்த்தள ஹாலின் சாவி

அடையாறில் எங்கள் அபார்ட்மென்டின் கீழ்த்தளத்தில் ஒரு ஹால் இருக்கிறது. உள்ளே ஒரு கேரம் போர்டும் ஓடாத ட்ரெட்மில்லும் குடியிருக்கின்றன. அவை மெயின்டனன்ஸ் கட்டுவதில்லை. அவற்றின் மேல் யாருக்கும் ஆட்சேபணையும் இல்லை. ஆட்சேபணை எல்லாம் என் மகள் கீர்த்தி மேல்தான்.

கீர்த்திக்கு இருபத்திரண்டு வயது. நடக்க முடியாது. பேச்சு இரண்டு மூன்று சொல்தான். வலிப்பும் உண்டு. பதினெட்டு முடிந்ததும் சிறப்புப் பள்ளி கையசைத்து அனுப்பிவிட்டது. அங்கே தானாக ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டவள், இரண்டாவது மாடி அறையில் சுவரைப் பார்த்துக் கிடந்தே அதை மறந்துவிட்டாள். அடுத்து எதை மறப்பாளோ.

கீர்த்தியோடு அதே பள்ளியில் படித்த, ராயப்பேட்டை ஜமீலுன்னிசாவின் மகன் யாசிருக்கும் இதே கதி. நாங்கள் இருவரும் இன்னும் மூன்று அம்மாக்களும் கேட்டது இவ்வளவுதான்: காலை பத்திலிருந்து மூன்று மணி வரை அந்த ஹால். ஒரு டீச்சர், வாரத்தில் இரண்டு நாள் பிசியோதெரபிஸ்ட், எல்லாம் எங்கள் செலவு. பிள்ளைகள் ஊருக்குள்ளேயே நாலு மனிதர் முகத்தைப் பார்த்து இருக்கட்டும் என்ற ஆசை.

கீர்த்தியை ஜமீலுன்னிசாவிடம் விட்டுவிட்டு அசோசியேஷன் கூட்டத்துக்குப் போனேன்.

“அதெல்லாம் கத்துமே” என்றார் ஒருவர். என் மகளைத்தான் அது என்றார்.

“எங்காத்துப் பேரன் பயந்துண்டு அழுவான்” என்றார் முதல் மாடி விசாலாக்ஷி மாமி.

செயலாளர் தனபாலன் கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். எங்களுக்கு நேர் மேல் வீடு. அவர் வெள்ளை வேட்டியில் நான் ஒருநாளும் கறை பார்த்ததில்லை.

“இந்தாம்மா, நான் ஈவு இரக்கம் இல்லாதவன் இல்ல. வருஷா வருஷம் எங்கப்பா திதிக்குப் பெருங்குடி தாண்டி ஒரு ஹோம்ல நாப்பது பேருக்குச் சாப்பாடு போடுதேன். என் கையாலேயே ஊட்டுதேன். இதுங்களுக்கெல்லாம் அதுதான் சரியான இடம். எவ்வளவு சந்தோஷமா இருக்குதுங்க பாருங்க.”

போனில் ஒரு படத்தைக் காட்டிச் சுற்றுக்கு விட்டார். “பெரிய புண்ணியம் சார்” என்றபடி ஆளுக்கு ஆள் கை மாற்றினார்கள். கடைசியில் என்னிடம் வந்தது.

தனபாலன் ஒரு பெண்ணுக்கு ஜாங்கிரி ஊட்டிக்கொண்டிருந்தார். மொட்டைத் தலை, எலும்பும் தோலுமான உடம்பு. என் பெண். என் கீர்த்தி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவளைத் தூக்கித் தூக்கியே என் முதுகில் டிஸ்க் விலகியது. மூன்று மாதம் எழுந்திருக்க முடியவில்லை. அவள் அப்பாவும் உயிரோடு இல்லை. வேறு வழியில்லாமல் அந்த ஹோமில்தான் விட்டேன். பேன் என்று சொல்லி மொட்டையடித்தார்கள். முதுகெல்லாம் புண்ணோடு திரும்பி வந்தாள். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. யாராவது போனைத் தூக்கினால், கோணிய விரல்களை ஒட்டவைத்துக் கும்பிடுவாள். சாப்பாடு போட வருகிறவர்களுக்காகப் பழக்கியிருந்தார்கள்.

“சார், இந்தப் பொண்ணு யாரு?” என்று கேட்டேன்.

“யாரோ அநாதை. பாவம்.”

“இவ பேரு கீர்த்தி. பத்து வருஷமா உங்க கட்டிலுக்கு நேர் கீழ படுத்திருக்கா.”

மாமி போனைப் பிடுங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். தனபாலனின் முகம் கறுத்துவிட்டது.

“பெத்த நீயே கொண்டுபோய்த் தள்ளிட்டு, இப்ப எங்கள வந்து கேள்வி கேக்கியா?”

“ஆமா, தள்ளினேன். அன்னிக்கு இந்த ஹால் பூட்டியிருந்துச்சு. இன்னிக்கும் பூட்டித்தான் இருக்கு.”

அடுத்த மாதம் பார்க்கலாம் என்று கலைந்துபோனார்கள். அவர்கள் பார்க்கும்வரை காத்திருக்க நான் என்ன முட்டாளா?

மறுநாள் காலை கீர்த்தியின் வீல்சேரை லிஃப்டுக்கு எதிரே, பூட்டிய ஹால் கதவை ஒட்டி நிறுத்தி பிரேக் போட்டேன். பக்கத்தில் யாசிரும் ஜமீலுன்னிசாவும். ஆபீசுக்கு இறங்கிய ஒவ்வொருவரிடமும், “இது கீர்த்தி. செகண்ட் ஃப்ளோர். நல்லா பாத்துக்கோங்க” என்றேன். மரியாதையாகச் சொல்லவில்லை. மூன்று நாள் இதையே செய்தேன்.

நாலாம் நாள் தனபாலன் இறங்கி வந்தார். “வழிய மறிக்கியா? இப்பவே போலீசக் கூப்பிடுதேன்” என்று போனை முகத்துக்கு நேரே தூக்கினார்.

கீர்த்தி போனைப் பார்த்தாள். கோணிய விரல்கள் மெல்ல மேலே வந்தன. ஒட்டவைத்துக் கும்பிட்டாள். படம் எடுக்க ஊட்டுவார்கள் என்று வாயையும் திறந்து வைத்துக்கொண்டாள்.

தனபாலன் தூக்கிய போனோடு அப்படியே நின்றார். பிறகு வாட்ச்மேன் மேஜைக்குப் போய், ஆணியில் தொங்கிய சாவியைப் பிடுங்கி என் காலடியில் எறிந்தார்.

“மூணு மாசம். ஒரு புகார் வந்தாலும் காலி பண்ணிரணும்.”

குனிந்து எடுத்தேன். நன்றி சொல்லவில்லை. கீர்த்தி மறுபடியும் கையைத் தூக்கினாள். இரண்டு கைகளையும் பிடித்து அவள் மடியில் அழுத்தினேன்.

“கும்பிடாதடி. நாம மெயின்டனன்ஸ் கட்டுறோம்.”