பதினொரு பெயரும் பதினொரு விலாங்கும்

2009ஆம் ஆண்டு பெப்ரவரியில், பிரெஞ்சுத் தலைநகரின் லாச்சப்பல் பகுதியில் றெமிஜியஸின் கடிதப்பெட்டியில் பதினொரு பெயர்கள் ஒட்டியிருந்தன; நான்காம் மாடியில் அவருடைய குளியல் தொட்டியில் பதினொரு விலாங்குகள் கிடந்தன. வீட்டில் குடியிருந்தது அவர் ஒருவர்தான். மற்றப் பத்துப் பேரும் புறநகர்களான ஒபர்வில்லியேயிலும் பொபினியிலும் கிடைத்த மூலையில் படுத்தெழும்புகிற பெடியன்கள். அகதி வழக்குக் கடிதம் வந்து சேர ஒரு விலாசம் வேண்டுமென்று கேட்டார்கள், கொடுத்தார். ஒரு பெயரை ஒட்டினால் மறுநாள் காலை குழாய்க்குள்ளால் கண்ணாடி நூல் மாதிரி ஒரு குஞ்சு வந்து தொட்டியில் விழும். பெயரைக் கழற்றினால் ஒரு விலாங்கு வடிகாலுக்குள் இறங்கிப் போய்விடும். குழாய் திருத்துகிறவர் இரண்டு முறை வந்து பார்த்து, குழாயில் பிழையில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். றெமிஜியஸ் துவாயும் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு பொதுக் குளியலறைக்குப் போய்வரப் பழகிக்கொண்டார்.

அவர் மன்னார் ஆள். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் ஒரு மீன்கடையின் நிலவறையில் நின்று மீன் வெட்டுவது வேலை. ஐஸில் விறைத்து விறைத்து இடக்கையில் மூன்று நகம் கறுத்தே போய்விட்டது. கூட வெட்டுகிற பத்திநாதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தொட்டியைப் பார்க்க வந்தார். எல்லாம் ஒரு முழத்தோடு வளர்ச்சி நின்று கிடந்தன.

"தம்பி, இது அவ்வளவும் ஆண். நெருக்கிக் கிடந்தால் விலாங்கு ஆணாய்த்தான் போகும். உம்மடை கடிதப்பெட்டி மாதிரித்தான்," என்றார்.

றெமிஜியஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அகதிக் காட் வைத்திருப்பவர் ஊருக்குப் போக முடியாதென்பதால், முந்திய ஆண்டு வேளாங்கண்ணியில் பியட்றிஸைக் கலியாணம் முடித்து, முப்பது நாள் ஒரு லொட்ஜில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். பிள்ளை தங்கவில்லை. அவளுக்கு முப்பத்திமூன்று வயது. அவளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டதில், வீட்டை அளக்க மர்கரீத் என்ற உத்தியோகத்தர் வந்தார். இருபத்திமூன்று சதுர மீற்றர், இரண்டு பேருக்குத் தாராளம். ஆனால் மர்கரீத் கீழே கடிதப்பெட்டியைப் படித்துவிட்டுத்தான் மேலே ஏறியிருந்தார். தொட்டியையும் எட்டிப் பார்த்து எண்ணினார். பதினொன்றுக்குப் பதினொன்று ஒத்துவந்தது. நெருக்கம் அதிகம் என்று மறுப்புக் கடிதம் வந்தது.

மறுப்பைத் தொலைபேசியில் பியட்றிஸுக்குச் சொன்னார். அவள் கேட்டாள்: "பதினொரு ஆம்பிளையளுக்கு இடமிருக்கு, எனக்கு இல்லையோ?"

பெட்டியில் பெயர் எழுதி ஒட்டிய பத்துத் துண்டையும் ஒரே நாளில் கிழித்தெறியலாம். கிழித்தால் கடிதங்கள் திரும்பிப் போகும், கடிதம் போனால் வழக்கும் போகும், பெடியன்களைப் பிடித்து விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். றெமிஜியஸ் ஒவ்வொருவருக்கும் வேறு விலாசம் தேடி அலைந்தார். அதற்கு நாலு வருடம் பிடித்தது. அவர்களில் ஒருவனான கரிகாலனுடைய மேன்முறையீட்டுக்கு மட்டும் பதினாலு மாதம் காத்திருந்தார். அந்தப் பதினாலு மாதமும் பியட்றிஸ் அவரோடு ஒழுங்காய்க் கதைக்கவில்லை. கடைசித் துண்டு கழன்றபோது தொட்டியில் ஒன்றுதான் மிஞ்சியது. இடம் கிடைத்ததும் அது கை நீளத்துக்கு வளர்ந்து மணிக்கட்டு மொத்தத்துக்குப் பருத்தது. பத்திநாதர் வந்து பார்த்து, பெண் என்றார். மர்கரீத்தும் வந்தார், ஒரு பெயர், ஒரு விலாங்கு என்று எழுதிக்கொண்டு போனார்.

2014இல் பியட்றிஸ் வந்தாள். அவள் பெயரை ஒட்ட, இரண்டாவதும் வந்து அதுவும் பெண்ணாய்ப் பருத்தது. இரண்டு வருடம் போயும் பிள்ளை இல்லை. மருத்துவமனையில் இருவரிலும் குறை காணவில்லை. 2016 ஐப்பசியில் விலாங்குகளின் வயிறு வெள்ளியாய் மின்னியது, கண் இரட்டிப்பாய்ப் பெருத்தது, போட்ட இறால் தலையைத் தொடவில்லை. பியட்றிஸ் கடற்கரையில் வளர்ந்தவள். தொட்டித் தண்ணீரில் கையை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இடம் குடுத்தால் மட்டும் காணுமோ? உப்பில்லாத நல்ல தண்ணியிலை கிடந்து இது சாகுமட்டும் பெறாது. கடலுக்கு விடுங்கோ."

மீன்பெட்டியில் ஈரச்சாக்குப் போட்டு இரண்டையும் சேன்-தெனி கால்வாய்க்குக் கொண்டுபோனார்கள். திரும்பிப் பார்க்காமல் சேன் ஆற்றுப் பக்கம் போயின. பெயர்கள் பெட்டியில் இருந்தன, தொட்டி வெறுமையாய்க் கிடந்தது. றெமிஜியஸ் எட்டு வருடத்துக்குப் பிறகு சொந்த வீட்டில் குளித்தார்.

அடுத்த பங்குனியில் ஒரு காலை குழாயைத் திறந்தபோது கண்ணாடி நூல் மாதிரி ஒரு குஞ்சு விழுந்தது. அவர் ஈரத் தலையோடு குசினிக்குப் போனார்.

"பெட்டியிலை ஆருக்குப் பெயர் குடுத்தனீர்?"

"ஒருத்தருக்கும் குடுக்கேல்லை."

"அப்ப இது ஆற்றை பெயருக்கு வந்தது?"

பியட்றிஸ் அடுப்பைக் குறைத்தாள். "கீழை ஒரு துண்டுக்கு இடம் விடுங்கோ. பெயர் பிறகு யோசிப்பம்," என்றாள்.

றெமிஜியஸ் கீழே போய் இரண்டு பெயரையும் சற்று மேலே தள்ளி ஒட்டினார். மேலே வந்து, துவாயும் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு பொதுக் குளியலறைக்குப் போனார்.